பறையா அராக்கும் இந்தியா பேல் ஏலும்

இருபது லிட்டர் பீருக்குக் கால் கிலோவுக்கு மேல் ஹாப்ஸ் போட வேண்டும். அதுவும் கெண்ட் மாவட்டத்தில் விளையும் கோல்டிங்ஸ் வகையாக இருக்க வேண்டும். முளைகட்டி, நிறம் ஏறாமல் உலர்த்திய பார்லி மட்டும்தான். வேறு தானியம் கலந்தால் தீட்டு. தண்ணீரில் ஜிப்சம் கரைத்து அதை இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க் கிணற்றுத் தண்ணீர்போல ஆக்க வேண்டும். நொதித்து முடிந்ததும் மரப்பீப்பாயில் அடைத்து, அதற்குள்ளும் ஒரு பிடி ஹாப்ஸ் போட்டு மாதக்கணக்கில் கிடக்கவிட வேண்டும். இன்னும் தீவிரமானவர்கள் பீப்பாயைச் சூடான அறையில் வைத்து அவ்வப்போது ஆட்டிவிடுகிறார்கள். கப்பல் ஆடியதல்லவா, அதற்காக!

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டிலேயே பீர் காய்ச்சுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் 'வரலாற்றுக்கு உண்மையான' இந்தியா பேல் ஏல் செய்யும் முறை இது. சுருக்கமாக ஐபிஏ. பெங்களூரில் மாதச் சம்பளம் வாங்கும் நம் தோழர்கள் பலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். உதவித்தொகையில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போன தம்பி ஒருவர், தன்னோடு தங்கியிருக்கும் மாணவர்கள் இப்படி ஒரு பீப்பாய் போட்டிருப்பதாகவும், "இது உங்கள் ஊர் பீர்தானே, நீ வந்து சொல், சரியாக வந்திருக்கிறதா?" என்று தன்னைக் கேட்டதாகவும் எழுதியிருந்தார். என்ன பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நமக்குத் தோன்றிய பதில் கொஞ்சம் நீளமானது.

முதலில் அந்தப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். பழைய மதுவாலைகளின் கணக்குப் புத்தகங்களைத் தேடிப் படிக்கிறார்கள். 1970களிலேயே டர்டன் பார்க் பீர் வட்டம் என்ற இங்கிலாந்துக் குழு, பழைய செய்முறைகளைத் தோண்டி எடுத்துக் காய்ச்சிப் பார்த்துப் புத்தகமாகப் போட்டது. பீட் பிரவுன் என்ற எழுத்தாளர் 2007இல் பர்ட்டனில் காய்ச்சிய பீரை எடுத்துக்கொண்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கடல்வழியாகக் கல்கத்தா வரைக்கும் போனார். மார்டின் கார்னெல் போன்றவர்கள் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, ஐபிஏ பற்றி எல்லோரும் சொல்லிவந்த கதையையே உடைத்தார்கள்.

அந்தக் கதை உங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கலாம். வெயிலில் பீர் கெட்டுப்போனது, லண்டனில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்ற மேதை ஹாப்ஸையும் போதையையும் கூட்டி இந்தியாவுக்கென்றே ஒரு பீரைக் கண்டுபிடித்தார் என்பது கதை. ஆவணம் வேறு மாதிரிச் சொல்கிறது. கல்கத்தா கெசட் 1784இலேயே பேல் ஏல் விளம்பரத்தை அச்சிட்டிருக்கிறது. ஹாட்ஜ்சனின் ஆலை லண்டனின் கிழக்கே போ என்ற இடத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் பிளாக்வால் துறைக்கு அருகே இருந்தது. கப்பல் தலைவர்கள் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றிச் சம்பாதிக்கக் கம்பெனி இடம் கொடுத்திருந்தது. ஹாட்ஜ்சன் அவர்களுக்குப் பதினெட்டு மாதம் வரை கடன் கொடுத்தார். அவருடைய மேதைமை அதுதான்: பக்கத்துக் கடை, நீண்ட கடன். 1820களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் பேராசையில் கடனை நிறுத்தி விலையையும் ஏற்றியது. கம்பெனி இயக்குநர் ஒருவர் கோபத்தோடு பர்ட்டன் ஊரின் ஆல்சாப்பிடம் போனார். ரஷ்யச் சந்தையை இழந்து கையைப் பிசைந்துகொண்டிருந்த பர்ட்டன்காரர்களுக்கு அது வரமாக வந்தது. 'இந்தியா' என்ற சொல் பீரின் பெயரில் ஒட்டிக்கொண்டது அதற்கும் பிறகுதான். கார்னெல் கண்டெடுத்தவற்றில் மிகப் பழைய அச்சுப் பதிவு 1829இல், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வந்த பத்திரிகை விளம்பரம்!

மரப்பீப்பாய் விஷயத்திலும் இதே கவனம். ஓக் மரச் சீவலைப் பீரில் ஊறவைத்து 'பழைய சுவை' என்பவர்களை அவர்களே கேலி செய்வார்கள். ஏனென்றால் அன்றைய ஆலைகள் மரவாசம் ஏறாத பால்டிக் ஓக்கைத் தேடி வாங்கின. பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்த பீருக்கு அந்தத் தனி வாசத்தைக் கொடுத்தது ஒரு காட்டு ஈஸ்ட். 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாசன் அதை அடையாளம் கண்டு, 'பிரிட்டன் பூஞ்சை' என்று பொருள்படும்படி பிரெட்டனோமைசிஸ் என்று பெயர் வைத்தார். இன்றைய வீட்டுக் காய்ச்சல்காரர்கள் அந்த ஈஸ்டையும் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சைவரைக்கும் தேடிக் கண்டுபிடித்துச் சேர்க்கும் இந்த 'உண்மை'யில், மனிதர் ஒருவர்கூட வரவில்லை என்பதுதான் நம் பேச்சு.

சரியாகச் சொன்னால் மனிதர்கள் வருகிறார்கள். ஆலை முதலாளி வருகிறார். கப்பல் தலைவர் வருகிறார். கடைசியில் பங்கா காற்றில் உட்கார்ந்து குடிக்கும் துரை வருகிறார். கெண்ட் தோட்டங்களில் ஹாப்ஸ் பறித்தவர்கள் வருவதில்லை. லண்டனின் கிழக்குச் சேரிகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் குழந்தைகுட்டிகளோடு இலையுதிர்காலத்தில் போய்க் கொட்டகைகளில் தங்கிப் பறித்தார்கள். அவர்களை அந்த நாட்டுத் தொழிலாளர் வரலாறு ஓரளவு எழுதிவைத்திருக்கிறது. பங்காக் கயிற்றின் மறுமுனையில் இருந்தவரை எழுதியவர் யார்?

கப்பலிலிருந்தே தொடங்குவோம். பீர் போன்ற கனமான, மலிவான சரக்கை உலகின் மறுபாதிக்கு அனுப்புவது எப்படிக் கட்டுப்படியானது? லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்களில் இடம் காலியாகக் கிடந்தது. அதனால் கூலி குறைவு. திரும்பும்போது கப்பல் நிறைந்திருந்தது. துணி, பட்டு, அவுரி, பிறகு வெடியுப்பு. ஐரோப்பாவின் பீரங்கிகளுக்கு வேண்டிய வெடியுப்பு பெரும்பாலும் பிஹாரிலிருந்து போனது. பிளாசிப் போருக்குப் பின் அந்த வியாபாரத்தைக் கம்பெனி முழுக்கத் தன் கைக்குள் கொண்டுவந்தது. அந்த உப்பை எடுத்தவர்கள் நோனியா சாதியினர். மாட்டுக்கொட்டிலின் ஓரத்திலும் பழைய குடியிருப்பு நிலத்திலும் பூத்த மண்ணைச் சுரண்டி, தண்ணீரில் வடித்து, காய்ச்சி, படியவைத்து எடுப்பது அவர்கள் மேல் சுமத்தப்பட்ட குலத்தொழில். ஆக, பீரைக் கொண்டுவந்த கப்பலை லாபத்தோடு திருப்பி அனுப்பியது அவர்களுடைய கை.

அந்த வெடியுப்புக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஐஸ் வராத காலத்தில் பீரைக் குளிரவைக்க அதைத்தான் பயன்படுத்தினார்கள். வெடியுப்பு தண்ணீரில் கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் புட்டியை இறக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தால் சில்லென்று ஆகும். இதற்கென்றே துரைமார் வீட்டில் 'ஆப்தார்' என்ற வேலைக்காரர் இருந்தார். 1833இல் அமெரிக்காவிலிருந்து பிரெடரிக் டியூடரின் ஐஸ் கல்கத்தாவுக்கு வந்து இறங்கியது. 1840களில் சென்னைக் கடற்கரையில் அவருடைய ஐஸ் ஹவுஸ் எழுந்தது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் பஸ்ஸிலிருந்து பார்க்கும் அதே கட்டடம். 1897இல் சுவாமி அங்கே தங்கியதைச் சொல்லும் ஊர், அதற்குமுன் அரை நூற்றாண்டு அங்கே ஐஸ் சுமந்த முதுகுகளைச் சொல்வதில்லை.

சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. துறைமுக வேலை தொடங்கியதே 1870களின் நடுவில்தான். கப்பல் வெகுதூரத்தில் நங்கூரமிடும். இடையில் மூன்று வரிசையாக எழும்பி உடையும் அலை. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் நொறுங்கிப்போகும். தென்னங்கயிற்றால் பலகையைத் தைத்த மசூலாப் படகுதான் வளைந்து கொடுத்து வரும். அதை ஓட்டியவர்கள் நம் கடலோர மக்கள். பீர் பெரும்பாலும் 'ஹாக்ஸ்ஹெட்' என்ற பெரிய பீப்பாயில் வந்தது. ஒரு பீப்பாயில் 54 கேலன், ஏறத்தாழ 245 லிட்டர். மரத்தின் எடையைச் சேர்க்காமலே கால் டன். அதை ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகுக்கு இறக்கி, அலையைத் தாண்டிக் கரைசேர்த்து, மணலில் உருட்டி, குடோனுக்கு ஏற்ற வேண்டும். பீப்பாயைச் சூடான அறையில் வைத்து ஆட்டுகிறவர்கள் எந்த ஆட்டத்தை நினைத்து ஆட்டுகிறார்கள்? கடலின் ஆட்டத்தை மட்டும்தான்.

இந்த உழைப்பில் நம் மொழி அவர்கள் அகராதியில் சில தடங்களை விட்டது. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது. கூலி 'கூலி'யாகவே போனது. மூன்றாவது ஒரு சொல்லும் போனது. அதற்குச் சற்றுப் பொறுத்து வருவோம்.

கரையேறிய பீர் மேசைக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். துரை மாட்டிறைச்சி தின்பவர், பன்றி தின்பவர், குடிப்பவர். அவர் எச்சில் பட்ட கோப்பையைத் தொட்டால் சாதி இந்துவின் சாதி போய்விடும். கணக்கு எழுத, துபாஷியாக இருந்து பணம் பண்ண, வழக்கு நடத்த அவர்கள் முன்னே வந்தார்கள். மேசைக்கும் சமையல்கட்டுக்கும் வரவில்லை. அதனால் சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரர் வீடுகளில் பட்லர், சமையற்காரர், ஆயா, குதிரைக்காரர் என்று வேலைக்குச் சேர்ந்தவர்களில் நம் மக்கள் ஏராளம். சேரியின் தொழிலிலிருந்தும் பண்ணையாரின் சவுக்கிலிருந்தும் தப்ப அது ஒரு சந்து. கூலி காசாகக் கிடைத்தது, இங்கிலீஷ் காதில் விழுந்தது. சிலருடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. அதைப் பொற்காலம் என்று சொல்ல நாம் தயாராக இல்லை. 1870களில் ஆக்ராவில் புல்லர் என்ற வெள்ளைக்கார வக்கீல் தன் குதிரைக்காரரை அடித்தார். அவர் இறந்துபோனார். நீதிமன்றம் புல்லருக்கு விதித்தது முப்பது ரூபாய் அபராதம். மண்ணீரல் பலவீனமாக இருந்ததாம். வைஸ்ராய் லிட்டனே இது போதாது என்று கண்டித்தபோது, இங்கிருந்த ஆங்கிலப் பத்திரிகைகள் வைஸ்ராயின் மேல் பாய்ந்தன.

அந்தச் சந்தில் நுழைந்தவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பண்டிதர் அயோத்திதாசர் தன் பாட்டனார் கந்தப்பனைப் பற்றி எழுதியிருக்கிறார். கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். அவரிடம் இருந்த திருக்குறள், நாலடி நானூறு ஓலைச்சுவடிகள் ஆரிங்டன் வழியாக எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தன. எல்லிஸ் இறந்தது 1819இல். அதாவது இது ஹாட்ஜ்சன் பீர் இந்தியாவில் கொடிகட்டிப் பறந்த காலம். அந்த வீட்டு மேசையில் என்ன ஊற்றப்பட்டது என்று நாம் கற்பனை செய்யப் போவதில்லை. ஆனால் துரை வீட்டு மேசையைப் பார்த்துக்கொண்ட ஒரு மனிதரின் வீட்டில் குறள் சுவடி இருந்தது, அதைக் கொடுக்கும் அறிவும் மனமும் அவரிடம் இருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவடியில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமும் உண்டு! பேரன் பஞ்சசீலத்தைச் சொல்லிக் குடிக்கு எதிராகவே பேசினார். பட்லர் என்றால் 'எஸ் சார்' என்று நிற்கும் சினிமாப் பாத்திரமாக நமக்குக் காட்டியவர்களுக்கு இந்தப் பட்லரைத் தெரியாது.

இப்போது அந்த மூன்றாவது சொல்.

இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் பேல் ஏல் குடித்தவர்கள் அல்லர். அது அதிகாரிகளின், வியாபாரிகளின் பானம். சாதாரணச் சிப்பாய்க்குக் கறுப்பு போர்ட்டர் பீர்தான். இந்தியாவுக்கு வந்த போர்ட்டர் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதற்கு யாரும் 'இந்தியா' பட்டம் கட்டி இன்று கொண்டாடுவதில்லை. ஏழை வெள்ளைக்காரன் குடித்ததற்கே இந்த மரியாதை. அவனுக்கும் காசு போதாதபோது, துறைமுகச் சந்துகளிலும் பாளையத்துக்கு வெளியிலும் கிடைத்த நாட்டுச் சாராயத்தைக் குடித்தான். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்திருந்த பெயர்: 'பறையா அராக்'. 1886இல் யூலும் பர்னெலும் தொகுத்து வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் இதற்கு ஒரு தனிப் பதிவு இருக்கிறது. ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் விற்கப்பட்ட விஷம் போன்ற நாட்டுச் சரக்கு என்பது அதற்கு அவர்கள் தரும் விளக்கத்தின் சாரம். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சமஸ்கிருதப் பண்டிதர். எந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

தெருநாய் அவர்களுக்குப் 'பறையா நாய்'. ஊர்ப்பருந்து 'பறையா பருந்து'. மட்டமான சாராயம் 'பறையா அராக்'. ஒரு மக்களின் பெயரை எடுத்து, கீழானது, நாறுவது, யாருக்கும் சொந்தமில்லாதது என்பதற்கெல்லாம் முத்திரையாக அடித்தார்கள். இந்த முத்திரையை வெள்ளைக்காரன் தானாக வார்க்கவில்லை. அவனுக்கு இந்த நாட்டை விளக்கிச் சொன்ன மேல்சாதித் துபாஷிகள் வார்த்துக் கொடுத்ததை அவன் கப்பலேற்றினான். இன்று லண்டனில் வெளிவரும் எந்த நாளிதழும் ஒதுக்கப்பட்ட ஒரு நாட்டைப் 'பரையா ஸ்டேட்' என்று கூசாமல் எழுதுகிறது.

ஆகவே அந்தப் பெயர்ச்சீட்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் பார்லியில், இங்கிலாந்தின் ஹாப்ஸில், இங்கிலாந்தின் தண்ணீரில், இங்கிலாந்துக்காரர்கள் காய்ச்சி, இங்கிலாந்துக்காரர்கள் குடித்த பீருக்குப் பெயர் 'இந்தியா'. இங்கே காய்ச்சி, குடித்த சிப்பாயின் குடலை அறுத்ததற்குப் பெயர் நம்முடைய சாதி. முதலாவது இன்று உலகம் முழுவதும் பாரில் தொங்கும் பலகை. இரண்டாவதைக் காய்ச்சியது யார், எந்தச் சாதிக்காரர், காசு யாருக்குப் போனது என்று அந்தப் பெயர் சொல்வதில்லை. கேட்கவும் விடுவதில்லை. பெயரே தீர்ப்பு.

தீர்ப்பு சட்டமாகவும் ஆனது. நம் நாட்டிலும் வீட்டில் காய்ச்சும் மரபு இருந்தது, இருக்கிறது. சோட்டா நாக்பூர் ஆதிவாசிகளின் ஹண்டியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சோற்றில் ராணு என்ற மூலிகை உருண்டையைப் பொடித்துப் போட்டு, பானையில் சில நாள் வைத்து எடுக்கும் அரிசி பீர். செய்வது பெண்கள், பிறப்பு, திருமணம், நடவு என்று எல்லாவற்றிலும் அதற்கு இடம் உண்டு. வடகிழக்கிலும் இமயமலை ஊர்களிலும் இதுபோல் பல. பிரிட்டிஷ் அரசு இவற்றையெல்லாம் வருமானக் கண்ணோடு பார்த்தது. ஆதிவாசிகள் வீட்டுத் தேவைக்குக் காய்ச்சிக்கொள்ளச் சில இடங்களில் சலுகை விட்டது. மற்ற இடங்களில் உரிமம், மரவரி, குத்தகை, சோதனை. இங்கே 1886இல் வந்த சென்னை அப்காரிச் சட்டம், காய்ச்சுவதையும் இறக்குவதையும் விற்பதையும் முழுக்க அரசின் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. ஹாப்சன் ஜாப்சன் வெளிவந்த அதே வருடம். தற்செயல்தான், ஆனாலும் குறித்துக்கொள்ளுங்கள். பர்ட்டன் பீருக்குக் கப்பல், கசௌலி மலையில் எட்வர்ட் டயருக்கு மதுவாலை, நம் ஊர்ப் பானைக்குப் போலீஸ். அந்த எட்வர்ட் டயரின் மகன்தான் பின்னால் 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் துப்பாக்கிச்சூட்டுக்கு உத்தரவிட்டவர்.

1937இல் ராஜாஜியின் ஆட்சி சேலத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்குச் சட்டம் அதே போலீஸை இன்னொரு பெயரில் அனுப்பியது. இங்கே தோழர்கள் ஓர் ஆவணத்தைப் படிக்க வேண்டும்: 1951 தேர்தலுக்குப் பாபாசாகேப் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கை. மதுவிலக்கு வேண்டாம் என்று அது வெளிப்படையாகச் சொன்னது. மதுவிலக்கு சாராயம் காய்ச்சுவதை வீட்டுக்குள் குடிசைத்தொழிலாகக் கொண்டுவந்துவிட்டது, முன்பு ஆண்கள் வெளியே போய்க் குடித்தார்கள், இப்போது வீட்டிலேயே காய்ச்சுவதால் பெண்களும் குழந்தைகளும் அதற்குள் இழுக்கப்படுகிறார்கள் என்பது அதன் வாதம். பாபாசாகேப் குடிப்பழக்கம் இல்லாதவர். குடிக்கு வக்காலத்து வாங்க அவருக்கு எந்தத் தேவையும் இல்லை. சட்டம் யார் வீட்டுக் கதவை உடைக்கும் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் 1963இல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை என்று ஆக்கினார்கள். அமெரிக்காவில் 1978இல் கார்ட்டர் கையெழுத்திட்டார். அதிலிருந்துதான் இந்தப் பொழுதுபோக்கும், அதன் கடைகளும், அதன் போட்டிகளும், அதன் 'வரலாற்று உண்மை' விவாதங்களும் வளர்ந்தன. நம் மாநிலத்தில் அதே இருபது லிட்டர் பானையை நம் தெருவில் ஒருவர் வைத்திருந்தால் அவர் குற்றவாளி. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: நொதிக்கவைத்த பீர் வேறு, வடித்த சாராயம் வேறு, அதில் கலந்த மெத்தனால் வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. எந்தப் பாட்டியின் பானையிலும் ஊறியதல்ல. இறந்தவர்களில் பலர் தலித் மக்கள், மூட்டை தூக்கியவர்கள், கூலிவேலை செய்தவர்கள். அரசு செய்தது தண்டனையைக் கூட்டியது. செத்தவர்கள் ஏன் அந்தப் பாக்கெட்டை வாங்கினார்கள் என்றால், டாஸ்மாக் குவார்ட்டரை விட அது மலிவு. முதுகு உடைந்த உடம்புக்கு இரவு தூக்கம் வேண்டும். அவர்களைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசியவர்களின் குரலை நினைவுபடுத்திப் பாருங்கள். 'பறையா அராக்' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

"குடியால் நம் சேரிகள் அழிகின்றன, நீங்கள் பீர் வரலாறு எழுதுகிறீர்களா?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிச் சாலையில் உட்கார்ந்த நம் பெண்களின் பக்கம்தான் நாம் நிற்கிறோம், அடிவாங்கியவர்கள் அவர்கள். ஆனால் குடியின் தீமையைப் பேசும்போதெல்லாம் அதை நம் மக்களின் இயல்பாகப் பேசுவதும், அதே குடியை இன்னொருவர் கையில் பார்த்தால் ரசனை, கலை, வரலாறு என்று பேசுவதும் ஒரே ஆட்களின் வேலை. தமிழ்நாட்டில் 'கிராஃப்ட் பீர்' வேண்டும் என்று ஆங்கிலப் பத்திரிகையில் எழுதும் ஒருவர் நாளை மதுப்பிரியர். கள் குடித்துவிட்டு வரப்பில் விழுந்தவர் என்றைக்கும் குடிகாரர்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு வாதம் வரும். அமெரிக்க ஐபிஏ புட்டிகளில் பிள்ளையார் படம் போட்டபோது இந்து அமைப்புகள் கொதித்தெழுந்து அறிக்கை விட்டன. 'இந்தியாவை அவமதிக்கிறார்கள்' என்றார்கள். புட்டியில் பிள்ளையார் இருப்பது அவர்களுக்கு உறுத்துகிறது. யானை, மகாராஜா, புலி வேட்டை இருந்தால் உறுத்துவதில்லை. அந்தப் படத்தில் வேட்டைக்கார துரைக்குப் பின்னால் சுமை தூக்கி நிற்கும் கறுத்த மனிதர் யார் என்ற கேள்வி அவர்களுக்கு எழவே எழாது. புட்டிமேல் எந்தக் கடவுள் இருக்கிறார் என்பது நமக்கு ஒரு பொருட்டே அல்ல.

தம்பிக்கு நாம் எழுதியது இதுதான். போய்க் குடித்துப் பார்ப்பதும் பார்க்காததும் உன் விருப்பம். 'சரியாக வந்திருக்கிறதா' என்று கேட்டால், சுவை தெரியாது என்று சொல். எங்கள் ஆட்கள் அதைச் சுமந்தார்கள், குளிரவைத்தார்கள், ஊற்றினார்கள், குடிக்கவில்லை என்று சொல். அவர்கள் வைத்திருக்கும் செய்முறைக் குறிப்பில் ஆலையின் பெயர், வருடம், ஹாப்ஸின் எடை எல்லாம் இருக்கும். அதன் கீழே இன்னும் நான்கு வரி சேர்க்கச் சொல்: பீப்பாயை அலையில் இறக்கிய படகோட்டி, வெடியுப்பு காய்ச்சிய நோனியா, புட்டியைச் சுற்றிய ஆப்தார், கோப்பையை வைத்த பட்லர். சேர்க்க மறுத்தால் 'பழைய செய்முறை' என்று மட்டும் போட்டுக்கொள்ளட்டும். 'வரலாற்றுக்கு உண்மையானது' என்று போட வேண்டாம். ஹாப்ஸ் கால் கிலோவா முந்நூறு கிராமா என்று சண்டை போடுகிறவர்களிடம் இதைக் கேட்பது பெரிய கோரிக்கையாகாது.

நமக்கும் வேலை இருக்கிறது. பீரின் கணக்குப் புத்தகங்களை அவர்கள் படித்துவிட்டார்கள். அப்காரிக் கோப்புகளை நாம் இன்னும் நம் கண்ணால் படிக்கவில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய்த்துறை, அப்காரி நடவடிக்கைகளைத் தேடிப் படிக்க வேண்டும். எந்த ஊரில் எந்தத் தெருவில் சோதனை நடந்தது, பிடிபட்டவர்கள் யார், குத்தகை எடுத்தவர்கள் யார், அபராதம் எவ்வளவு, கட்ட முடியாமல் சிறைக்குப் போனவர்கள் யார் என்று தேட வேண்டும். லண்டனில் படிக்கும் தோழர்களுக்குப் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் ஒரே ஒரு மாவட்டத்தை, பத்தே பத்து வருடங்களை எடுத்துக்கொண்டால் போதும். கோப்பு எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், படம் எடுக்க அனுமதி கிடைத்தால் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். படிக்கக் கஷ்டமான கையெழுத்து என்றால் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.